மெய்நிகர் உலகில் படம் எடுக்கும் அறிவியல்

பொருள்மேல் பட்டு மீளும் ஒளியைப் பதிவு செய்வது ஒளிப்படம். மெய்நிகர் உலகில் எடுக்கும் படமோ, ஒளி அங்கே எவ்வாறு பட்டு மீண்டிருக்கும் என்று கணினி கணித்துத் தரும் விடையின் பதிவு. முன்னதில் ஒளி ஏற்கெனவே இருக்கிறது. நாம் சென்று அதைப் பிடிக்கிறோம். பின்னதில் நாம் வேண்டிய பிறகே ஒளி பிறக்கிறது. ஆகவே அங்கே நல்ல படம் எடுக்க விழைவோர் கணிப்பின் நெறிகளைக் கற்றாக வேண்டும். அந்நெறிகளைத் தமிழ் தன் சொற்களாலேயே தெளிவுறத் தாங்கும் என்னும் உறுதியோடு இதை எழுதுகிறேன்.

சான்றாகச் செகண்ட் லைஃப் என்னும் உலகை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள லிண்டன் லேப் நிறுவனம் 2003 சூன் திங்களில் அதனை அனைவருக்கும் திறந்தது. அதன் நிலம் 256 மீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள பகுதிகளால் ஆனது. அங்குள்ள வீடும் ஆடையும் மரமும் பெரும்பாலும் அங்கு உலவுவோரே இயற்றியவை. ஒருவர் அங்கே பூணும் உடலை நிகருரு என்போம். அங்கே எடுக்கும் படத்தை ஆக்குவன ஒளி, பார்வை, நுணுக்கம் என மூன்று. இவற்றுள் ஒளியே தலையாயது.

அவ்வுலகின் இயல்பான ஒரு நாள் நம் கடிகாரத்தில் 4 மணி நேரம். அதில் பகல் 3, இரவு 1. ஆயினும் படம் எடுப்பவர் அந்த நாளுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். தம் திரைக்கு மட்டும் உரிய ஒளியமைப்பைத் திறந்து, ஞாயிறு நிற்கும் திசையையும் உயரத்தையும் விரும்பியவாறு மாற்றலாம். அருகில் நிற்பவர் நள்ளிரவைக் காணும்போதே இவர் இளங்காலையைக் காணலாம். தொடக்கநிலையினர் பலரும் உச்சிப்பொழுதிலேயே படம் எடுத்துவிடுகின்றனர். உச்சி வெயில் நிகருருவின் கண்குழிகளை இருளாக்கி, மூக்கின் நிழலை மேலுதட்டின்மேல் வீழ்த்தும். ஞாயிறு 70 பாகை உயரத்தில் நின்றால் 2 மீட்டர் உயர நிகருருவின் நிழல் முக்கால் மீட்டர் நீளமே. 20 பாகைக்கு இறக்கினால் அதே நிழல் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீண்டு, தரையின் மேடுபள்ளங்களையெல்லாம் எடுத்துக்காட்டும். முகத்துக்கு நேராக ஒளி விழாமல் ஒரு பக்கமிருந்து விழுமாறு திசையைத் திருப்பினால், தட்டையாகத் தெரிந்த கன்னம் திரட்சி பெறும்.

இந்நிழல் பிறக்கும் முறை அறியத்தக்கது. நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லான்ஸ் வில்லியம்ஸ் 1978-இல் வெளியிட்ட முறையின் வழிவந்தது அது. ஞாயிறு நிற்கும் இடத்திலிருந்து முதலில் உலகம் ஒருமுறை பார்க்கப்படுகிறது. அப்பார்வையில் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது குறித்துவைக்கப்படுகிறது. இதனை ஆழப்படம் எனலாம். பின்னர் நம் பார்வையில் தோன்றும் ஒவ்வொரு புள்ளியும் அந்த ஆழப்படத்தோடு ஒப்பிடப்படுகிறது. ஞாயிற்றின் பார்வைக்கு எட்டிய புள்ளி வெயிலில் உள்ளது; வேறொன்றால் மறைக்கப்பட்ட புள்ளி நிழலில் உள்ளது. நம் கண்முன் ஒரு படம் விரியுமுன், நாம் காணாத வேறொரு படம் ஞாயிற்றின் இடத்திலிருந்து எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்த ஆழப்படத்தின் புள்ளிகளுக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு. ஞாயிறு தொடுவானை ஒட்டிவிட்டால் அவை தரையில் நீண்டு இழுபட்டு, நிழலின் ஓரம் படிக்கட்டுப்போல் சிதையும். வரைகலை அமைப்பில் நிழலை இயக்கினாலன்றி இவை எவையும் நிகழா என்பதையும் நினைவில் கொள்க. நிகருருவின்மேல் அணியும் முகவிளக்கைக் கழற்றிவிடுவதே நன்று என்பது என் துணிபு: நிழல் வீழ்த்தாத அவ்வொளி, பாடுபட்டுப் பெற்ற திரட்சியை அழித்துவிடும்.

அடுத்தது பார்வை. செகண்ட் லைஃபின் பார்வைக் கோணம் இயல்பில் மேலிருந்து கீழாக ஏறத்தாழ 60 பாகை. நிலக்காட்சிக்கு அவ்விரிவு பொருந்தும், முகத்துக்குப் பொருந்தாது. தலையும் தோளும் மட்டும் படத்தில் அடங்க வேண்டுமாயின் இக்கோணத்தில் அரை மீட்டர் அருகே செல்ல வேண்டும். மூக்கின் நுனி 50 செ.மீ. தொலைவிலும் காது 60 செ.மீ. தொலைவிலும் இருந்தால், மூக்கு காதைவிட 20 விழுக்காடு பெரிதாக வரையப்படும். இரண்டரை மீட்டர் தொலைவுக்குப் பின்சென்று, கோணத்தை ஏறத்தாழ 13 பாகையாகச் சுருக்கினால் படத்தில் அடங்குவது அதே தலையும் தோளுமே. வேறுபாடோ 4 விழுக்காடாகக் குறைகிறது. முகத்தைத் திரிப்பது கோணமன்று, அண்மையே. கன்ட்ரோல் விசையோடு 0 அழுத்த அழுத்தக் கோணம் சுருங்கும். 8 அதை விரிக்கும். 9 பழைய நிலைக்கு மீட்கும். ஆல்ட் விசையோடு சுட்டியின் இடப்பொத்தானையும் அழுத்தி இழுத்துப் பார்வையை விரும்பிய திசைக்குக் கொண்டுசெல்லலாம்.

மெய்யான படக்கருவியில் வில்லையின் திறப்பு பின்புலத்தை மங்கச் செய்கிறது. மெய்நிகர்க் கருவியோ திறப்பற்ற வெறும் புள்ளி; அதற்கு அண்மையும் சேய்மையும் ஒருங்கே கூர்மையாகத் தெரியும். மங்கல் வேண்டுமாயின் கணினி ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் பார்த்துப் பின்னர் பூசுகிறது. கண்ணாடியும் மெல்லிய கூந்தலும் தம் ஆழத்தைச் செவ்வனே பதிவதில்லை. ஆதலின் அவற்றின் ஓரங்களில் மங்கல் பிழைபடும். கூந்தலுக்குப் பின்னே வெற்று வானோ ஒரே நிறச் சுவரோ அமையுமாறு நிற்கச் செய்தால் அப்பிழை கண்ணில் படாது.

நுணுக்கத்துக்குப் பொறுமை வேண்டும். பொருள்களின் மேற்பரப்புப் படங்கள் ஜேபெக் 2000 என்னும் முறையில் பொதியப்பட்டவை. முதலில் மங்கிய வடிவும், பிறகு அடுத்தடுத்து நுண்மையும் வந்து சேரும். தொலைவிலுள்ள பொருள்களும் எளிய வடிவிலேயே வரையப்படுகின்றன. ஓரிடத்தை அடைந்தவுடன் படம் எடுக்காமல், சுவரின் செங்கல் இடைவெளிகள் தெளியும்வரை காத்திருத்தல் வேண்டும்.

இறுதியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பதிவுப் பலகை திறக்கும். திரையின் அளவைவிடப் பெரிய அளவையும் அதில் கேட்கலாம். கணினி அவ்வளவுக்கு மீண்டும் வரைந்து தரும். 1920க்கு 1080 அளவில் படம் வேண்டுமெனில் 3840க்கு 2160 அளவில் எடுத்துப் பாதியாகச் சுருக்குக. அப்போது இறுதிப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் நான்கு புள்ளிகளின் சராசரியாக அமைந்து, கூந்தல் இழைகளிலும் கூரை ஓரங்களிலும் தோன்றும் படிக்கட்டு வெட்டுகள் பெரிதும் மறையும். சுருக்கி முடிக்கும்வரை பிஎன்ஜி வடிவிலேயே சேமித்துவைக்க வேண்டும். ஜேபெக் வடிவம் அளவைக் குறைக்கும் பொருட்டு நுண்மையையும் இழக்கச் செய்யும்.