ஜாக்சன் நகரத்து மூன்றாம் சேனல்

ஒரு செயற்கைக்கோள், ஒரு சேனல், சென்னையிலும் நாகர்கோவிலிலும் ஒரே நொடியில் ஒரே படம். தொலைக்காட்சி என்றால் நமக்குப் பழக்கம் இதுதான். அமெரிக்காவில் அது வேறு விதமாக வளர்ந்தது. நியூயார்க்கில் இருக்கும் என்.பி.சி., சி.பி.எஸ். போன்ற நெட்வொர்க்குகள் நாடகமும் செய்தியும் தயாரிக்கும். அவற்றை வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஊருக்கு ஊர் இருக்கும் உள்ளூர் நிலையங்கள். பெரும்பாலான நிலையங்களுக்கு நெட்வொர்க் முதலாளி அல்ல. செய்தித்தாள் நடத்துபவர், கடைக்காரர், காப்பீட்டு நிறுவனம் என்று உள்ளூரில் யாரோ ஒருவர் உரிமம் வாங்கி, கோபுரம் எழுப்பி, நெட்வொர்க்குடன் ஒப்பந்தம் போட்டுக்கொள்வார். ஒரு நிறுவனம் ஐந்து வி.எச்.எஃப். (2 முதல் 13 வரையிலான சேனல்கள்) நிலையங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது என்று 1950களில் விதி இருந்ததால், நெட்வொர்க்குகளுக்கும் வேறு வழியில்லை. தங்கள் நிகழ்ச்சியை ஒளிபரப்பும் நேரத்துக்கு அந்த நிலையங்களுக்குப் பணமும் கொடுத்தன.

இந்த ஏற்பாட்டின் இயந்திரப் பகுதியைப் பார்த்துவிடுவோம். நியூயார்க்கிலிருந்து படம் ஏ.டி.&டி. தொலைபேசி நிறுவனத்தின் தடங்கள் வழியாகப் புறப்படும். சில இடங்களில் நிலத்தடிக் கோஆக்சியல் கேபிள். சில இடங்களில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்கு ஒன்றாக நின்று, ஒன்றிடமிருந்து வாங்கி அடுத்ததற்கு அனுப்பும் மைக்ரோவேவ் கோபுரங்கள். 1951 செப்டம்பரில் இந்தத் தடம் அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைத்தது. உள்ளூர் நிலையத்துக்குள் வந்ததும் அந்தப் படம் நேராக ஆண்டெனாவுக்குப் போய்விடாது. மாஸ்டர் கன்ட்ரோல் என்ற அறைக்கு வரும். அங்கே ஒரு சுவிட்ச் பலகை இருக்கும். நெட்வொர்க் படம், உள்ளூர் ஸ்டூடியோ, பிலிம் ஓட்டும் கருவி, எழுத்து எழுதிய ஸ்லைடு இவற்றில் எதை டிரான்ஸ்மிட்டருக்கு அனுப்புவது என்று அங்கே உட்கார்ந்திருப்பவர் தீர்மானிப்பார். நெட்வொர்க்கிலிருந்து உள்ளூர் விளம்பரத்துக்கு மாறுவதும், புயல் எச்சரிக்கைக்காக நாடகத்தை நிறுத்துவதும் அந்தப் பலகையில்தான்.

அந்தப் பலகையை இயக்கும் கைக்குச் சட்டமும் அதிகாரம் கொடுத்திருந்தது. நெட்வொர்க் அனுப்பும் எந்த நிகழ்ச்சியையும் நிலையம் மறுக்கலாம். அலைவரிசை பொதுமக்களின் சொத்து, அதற்குப் பொறுப்பேற்று உரிமம் வாங்கியவர் நிலையத்தின் உரிமையாளர், ஆகவே என்ன போவது என்பதை அவரே முடிவு செய்யவேண்டும் என்பது அந்த விதியின் நியாயம். நல்ல நியாயம்தான். ஆனால் அந்தக் கை யாருடையது என்பதைப் பொறுத்து அது என்னவெல்லாம் ஆகும் என்பதற்கு மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில் இருக்கும் டபிள்யூ.எல்.பி.டி. நிலையத்தின் வரலாறு சாட்சி.

அமெரிக்காவில் 1948 முதல் 1952 வரை புதிய தொலைக்காட்சி உரிமங்கள் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. அலைவரிசைகள் ஒன்றோடொன்று மோதாமல் பங்கிட ஒரு திட்டம் வகுக்கும்வரை எஃப்.சி.சி. என்ற கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் கதவைச் சாத்தி வைத்திருந்தது. கதவு திறந்ததும் சிறு நகரங்கள் வரிசையில் நின்றன. ஜாக்சனில் லமார் லைஃப் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1929 முதலே டபிள்யூ.ஜே.டி.எக்ஸ். என்ற வானொலியை நடத்திவந்தது. எழுத்தாளர் யுடோரா வெல்டியின் தந்தை அந்த நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்தவர். வெல்டியும் இளம் வயதில் அந்த வானொலியில் வேலை பார்த்திருக்கிறார். அதே நிறுவனம் 1953 டிசம்பர் 28 அன்று டபிள்யூ.எல்.பி.டி.யைத் தொடங்கியது. இணைப்பு என்.பி.சி.யுடன், இடம் மூன்றாம் சேனல்.

மூன்றாம் சேனல் என்றால் 60 முதல் 66 மெகாஹெர்ட்ஸ் வரையிலான துண்டு. ஒரு சேனலுக்கு 6 மெகாஹெர்ட்ஸ் அகலம். இரண்டு முதல் ஆறு வரையிலான தாழ்ந்த சேனல்களுக்கு எஃப்.சி.சி. அனுமதித்த உச்ச சக்தி 100 கிலோவாட். ஏழு முதல் பதின்மூன்று வரை 316 கிலோவாட். தாழ்ந்த அலைவரிசை குறைந்த சக்தியிலேயே தொலைவு போய்விடும் என்பதால் இந்த வேறுபாடு. ஆகவே மூன்றாம் சேனல் கிடைத்தவர் கொடுத்துவைத்தவர். நகரத்தைத் தாண்டி, பருத்திக் காடுகளின் நடுவே இருந்த வீடுகளுக்கும் படம் போய்ச் சேர்ந்தது. அப்படிச் சேர்ந்த பரப்பில் வாழ்ந்த மக்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர்.

1955இல் என்.பி.சி. நிகழ்ச்சி ஒன்றில் இனப் பிரச்சினை குறித்துப் பேச தர்குட் மார்ஷல் வந்தார். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் வழக்கறிஞர், பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். ஜாக்சனில் அவர் முகம் மறைந்தது. ‘மன்னிக்கவும், கேபிள் கோளாறு’ என்று ஒரு ஸ்லைடு வந்தது. நம் தூர்தர்ஷன் காலத்து ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டையைப் போன்றதுதான், ஆனால் இங்கே தடங்கலை உண்டாக்கியதே நிலையம் என்று எஃப்.சி.சி.க்குப் புகார் போனது. நிலையத்தின் மேலாளர் ஃபிரெட் பேர்ட், இனப்பிரிவினையைக் காக்கக் கிளம்பிய ‘குடிமக்கள் கவுன்சில்’ அமைப்பின் உறுப்பினர். 1957இல் இனப்பிரிவினையை ஆதரித்து நிலையம் ஒரு நிகழ்ச்சி நடத்தியது. மறுப்புச் சொல்ல நேரம் கேட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. சர்ச்சைக்குரிய விஷயங்களில் இரு தரப்பையும் காட்டவேண்டும் என்ற நியாயக் கோட்பாடு அப்போது நடப்பில் இருந்த விதி. புகார்கள் போயின; ஆணையம் அவற்றைக் கோப்பில் போட்டுவைத்தது.

கேட்டுக்கொண்டே இருந்தவர்களில் ஒருவர் மெட்கர் எவர்ஸ், மிசிசிப்பியில் என்.ஏ.ஏ.சி.பி.யின் களச் செயலாளர். 1963இல் ஜாக்சன் மேயர் ஆலன் தாம்ப்சன், நகரத்தில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று தொலைக்காட்சியில் பேசியபோது, பதில் சொல்ல நேரம் வேண்டும் என்று எவர்ஸ் வற்புறுத்தினார். மே 20 அன்று டபிள்யூ.எல்.பி.டி. திரையில் 17 நிமிடம் பேசினார். அதுவரை பெயராக மட்டுமே கேள்விப்பட்டிருந்தவரின் முகம் அன்று வீடுகளுக்குள் போனது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 12 அதிகாலை, தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் 17 நிமிடத்துக்காக அவர் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

அக்காலத்தில் உரிமம் மூன்று ஆண்டுகளுக்குத்தான். 1964இல் புதுப்பிக்க வேண்டிய கெடு வந்தது. ஐக்கிய கிறிஸ்து சபையின் தகவல் தொடர்பு அலுவலகத்தை நடத்திய எவரெட் பார்க்கர் அந்தக் கெடுவைக் குறிவைத்தார். பொதுவாகக் குறை சொன்னால் ஆணையம் கேட்காது, எண்ணிக் காட்டவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1964 மார்ச்சில் ஒரு வாரம், உள்ளூர்த் தன்னார்வலர்கள் பெட்டி முன் உட்கார்ந்து காலை முதல் இரவுவரை எல்லாவற்றையும் குறித்தார்கள். எந்த நிகழ்ச்சி, எத்தனை நிமிடம், திரையில் யார், அவர் எந்த இனம், என்ன பேசினார். வேலை போகும், உயிருக்கும் ஆபத்து என்பதால் அவர்களின் பெயர்கள் ரகசியமாக வைக்கப்பட்டன.

அந்தத் தாள்களில் விழுந்தது நிலையத்தின் உருவம். மக்கள்தொகையில் பாதிக்குச் சற்றே குறைவான ஒரு சமூகம் திரையில் அநேகமாக இல்லை. வழிபாட்டு நிகழ்ச்சிகளில் அவர்களுடைய தேவாலயங்கள் இல்லை. வெள்ளையருக்கு இயல்பாகச் சேர்க்கும் திரு, திருமதி என்ற மரியாதை அவர்களுக்கு மறுக்கப்பட்டது. என்னைக் கேட்டால், தொலைக்காட்சி வரலாற்றில் எந்தக் கேமராவுக்கும் குறையாத கருவி அந்தக் குறிப்புத் தாள். பார்ப்பவர் வெறுமனே பார்ப்பவராக இல்லாமல், பதிவு செய்பவராக மாறிய இடம் அது.

பார்க்கரின் அலுவலகத்துடன் ஆரன் ஹென்றி, பாதிரியார் ராபர்ட் ஸ்மித் ஆகிய மிசிசிப்பிக்காரர்களும் சேர்ந்து, உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று மனுப் போட்டார்கள். ஆணையத்தின் பதில் வியப்பானது. மனுப் போட உங்களுக்குத் தகுதியே இல்லை என்றது. அதுவரையிலான வழக்கப்படி இரண்டு தரப்பார்தான் ஆட்சேபிக்கலாம்: தன் அலைவரிசையில் மின் இடையூறு ஏற்பட்ட இன்னொரு நிலையத்தார்; வியாபாரத்தில் நஷ்டம் வரும் போட்டியாளர். அலைக்கு அலை மோதினால் வழக்கு உண்டு; எதிரே உட்கார்ந்து பார்க்கும் மனிதருக்கு இல்லை. 1965இல் நிலையத்துக்கு ஓராண்டு நீட்டிப்பும் கிடைத்தது.

வழக்கு வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 1966 மார்ச் 25 அன்று தீர்ப்பு எழுதியவர் வாரன் பர்கர், பழமைவாதி என்று பெயர் பெற்ற நீதிபதி. பார்வையாளர்களின் பொறுப்பான பிரதிநிதிகள் உரிம விசாரணையில் பங்கேற்கலாம் என்று அவர் தீர்ப்பளித்தார். ஆணையம் விசாரணை நடத்தியது. ஆனால் குற்றத்தை நிரூபிக்கும் சுமை முழுவதையும் மனுதாரர் தலையில் ஏற்றிவிட்டு, 1968இல் மறுபடியும் உரிமத்தைப் புதுப்பித்தது. 1969 ஜூனில் பர்கர் இரண்டாவது முறை எழுதினார். விசாரணைப் பதிவு திருத்தமுடியாத அளவுக்குக் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி, உரிமத்தையே ரத்து செய்தார். சில நாட்களில் அவர் அமெரிக்காவின் தலைமை நீதிபதியாகப் பதவியேற்றார்.

பிறகு நடந்தது அதிகம் பேசப்படுவதில்லை. 1971இல் இரு இனத்தவரும் அடங்கிய லாபநோக்கற்ற குழு ஒன்று நிலையத்தைத் தற்காலிகமாக ஏற்றது. 1972இல் பாஸ்டனிலிருந்து வந்த வில்லியம் டில்டே மேலாளரானார். நெட்வொர்க்குடன் இணைந்த வணிகத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றுக்கு மேலாளரான முதல் கறுப்பினத்தவர் அவர். அதே சுவிட்ச் பலகை, அதே என்.பி.சி. இணைப்பு, அதே மூன்றாம் சேனல். கை மாறியது, அவ்வளவுதான், திரை வேறாகிவிட்டது. நிரந்தர உரிமத்துக்கான போட்டி நீண்டு, கடைசியில் கறுப்பினத்தவர் பெரும்பங்கு வைத்திருந்த டி.வி.–3 நிறுவனத்துக்குப் போனது. அதன் தலைவர், 1964இல் மனுவில் கையெழுத்திட்ட அதே ஆரன் ஹென்றி.

கோபுரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவு குறுக்கிட்டால் நின்றுவிடும். அதனால் ஆண்டெனா எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம். ரேமண்ட் என்ற ஊருக்கருகே நின்ற இந்த நிலையத்தின் கோபுரம் ஏறத்தாழ 2,000 அடி. இரும்புக் கம்பி வடங்கள் நாலாபுறமும் இழுத்துப் பிடித்தால்தான் இப்படி ஒன்று நிற்கும். ஒரு பக்கத்து இழுவை தவறினாலும் முழுவதும் ஆபத்து. 1997 அக்டோபர் 23 அன்று அதில் வேலை நடந்துகொண்டிருந்தபோது சரிந்து விழுந்தது. கனடாவிலிருந்து வந்திருந்த மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். நாம் பார்க்கும் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் இப்படி உயரத்தில் தொங்கி வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். புதிய கோபுரம் இரண்டு ஆண்டுகளில் எழுந்தது.

அதன்பின் நிலையம் பல கைகள் மாறியது. 2006இல் ரேகாம், 2019இல் கிரே என்ற பெருநிறுவனங்களிடம் சேர்ந்தது. 2009இல் அமெரிக்கா டிஜிட்டலுக்கு மாறியபோது பழைய 60 மெகாஹெர்ட்ஸ் இடம் கைவிடப்பட்டது. ஆனால் ‘நான் மூன்றாம் சேனல்’ என்று டிஜிட்டல் அலைக்குள் ஒரு குறிப்பு இருப்பதால், பெட்டியில் 3 என்றே வருகிறது.

பழைய உரிமையாளர் காலத்துச் செய்திப் பிலிம் சுருள்கள் இன்று மிசிசிப்பி மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எதைக் காட்டாமல் விட்டார்கள் என்று ஆராய்கிறவர்களுக்கு அவையே சான்று. உரிமக் காலம் இப்போது எட்டு ஆண்டுகள். ஒவ்வொரு முறை கெடு வரும்போதும், அந்த நிலையத்தின் ஒளிபரப்புப் பரப்பில் வாழும் பார்வையாளர், புதுப்பிக்கக் கூடாது என்று எஃப்.சி.சி.யிடம் மனுப் போடலாம். 1966க்கு முன் அவருக்கு அந்த உரிமை இல்லை.