சொல்லும் மௌனமும்: கிறிஸ்தவ மரபில் சொற்பொறுப்பு பற்றிய ஒரு நோக்கு

சொல்லை அறிவுடன் பயன்படுத்துக என்னும் கிறிஸ்தவ அறிவுரை பெரும்பாலும் தனிமனித ஒழுக்கமாகவே விளக்கப்பட்டு வந்துள்ளது. சினத்திற் பேசாதிருத்தல், புறங்கூறாமை, பொய் தவிர்த்தல் என்பனவே அதன் உள்ளடக்கமெனக் கொள்ளப்படுகின்றன. இவ்விளக்கம் தவறன்று, ஆயின் நிறைவானதுமன்று. இவ்வறிவுரையின் மூலங்களுள் முதன்மையான யாக்கோபின் நிருபத்தை நுணுகி நோக்குமிடத்து, அது சொல்லைச் சமூக உறவுகளுள் வைத்தே ஆராய்கின்றது என்பது புலனாகும்.

அந்நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் நாவைப் பற்றியது. குதிரையைத் திருப்பும் கடிவாளம், கப்பலைச் செலுத்தும் சிறு சுக்கான், பெருங்காட்டை எரிக்கும் சிறுநெருப்பு ஆகிய உவமைகள் அங்கு அடுத்தடுத்து வருகின்றன. கடவுளைத் துதிக்கும் அதே வாய், அவரது சாயலிற் படைக்கப்பட்ட மனிதரைச் சபிப்பது எங்ஙனம் பொருந்தும் எனவும் வினவப்படுகின்றது. இவ்வுவமைகளைப் பலர் அறிவர். ஆயின் அவ்வதிகாரம் போதகருக்கு விடுக்கும் எச்சரிக்கையுடனேயே தொடங்குகின்றது என்பது அதிகம் கவனிக்கப்படுவதில்லை. கற்பிப்போர் ஏனையோரிலும் கடுமையான தீர்ப்புக்கு உள்ளாவர் என்பதே அவ்வெச்சரிக்கை. எனவே, இங்கு முதலிற் பேசப்படுவது சொல்லதிகாரம் பெற்றோரின் பொறுப்பேயாகும். அவ்வதிகாரத்தின் முன்னும் பின்னும் உள்ளவை இதனை வலுப்படுத்துகின்றன. உணவும் உடையுமற்றவரை வெறும் வாழ்த்துரை கூறி அனுப்புவது இரண்டாம் அதிகாரத்திற் கண்டிக்கப்படுகின்றது. அறுவடை செய்த தொழிலாளருக்குக் கொடாது வைத்த கூலியே குரலெழுப்புகின்றது என ஐந்தாம் அதிகாரம் செல்வரைச் சாடுகின்றது.

இந்நிருபத்தை மார்ட்டின் லூதர் பெரிதும் மதித்தாரல்லர். 1522இல் வெளிவந்த தமது ஜேர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் அதனை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். விசுவாசத்தினாலேயே மனிதர் மீட்படைவர் என்னும் அவரது கோட்பாட்டுக்கு, செயலை வலியுறுத்திய யாக்கோபு இடையூறாகத் தோன்றியமையே இதற்குக் காரணம். மக்கள் மொழியில் வேதத்தைத் தந்து ஜேர்மன் உரைநடையை வளம்படுத்திய பெருமை லூதருக்குண்டு. அச்சுக்கலை அவர் சொல்லை நாடெங்கும் கொண்டு சென்றது. அத்தகையவர் எழுத்திலேயே யாக்கோபின் எச்சரிக்கை மெய்யாயிற்று.

1525இல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது, லூதர் முதலிற் பிரபுக்களின் கொடுமையையும் கண்டித்தே எழுதினார். கிளர்ச்சி பரவியதும், கிளர்ச்சியாளரைக் கொன்றொழிக்குமாறு ஆள்வோரைத் தூண்டும் பிரசுரமொன்றை வெளியிட்டார். அப்போரில் மடிந்தோர் தொகை 1,00,000 வரை இருக்கலாமென மதிப்பிடப்படுகின்றது. யூதர் விடயத்திலும் இத்தகைய மாற்றத்தைக் காணலாம். 1523இல் அவர்களைப் பரிவுடன் நடத்தவேண்டுமென எழுதியவர், 1543இல் அவர்தம் தொழுகைக்கூடங்களை எரிக்கவும் வீடுகளை இடிக்கவும் வேண்டுமென எழுதினார்.

அச்சொற்கள் அவருடன் மடியவில்லை. 1938 நவெம்பர் 9, 10ஆம் திகதிகளில் நாசிகள் யூதத் தொழுகைக்கூடங்களை எரித்தனர். தூரிங்கியாவின் ஆயர் மார்ட்டின் சாஸே லூதரின் யூத எதிர்ப்பு எழுத்துக்களைத் தொகுத்து வெளியிட்டு, லூதர் பிறந்த நாளில் அவை எரிந்தமையைப் போற்றினார். நாசிசம் லூதரிடமிருந்து நேரே பிறந்ததெனக் கூறுதல் வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். நவீன இனவாதமும் முதலாம் உலகப்போருக்குப் பிந்திய பொருளாதார, அரசியல் நெருக்கடிகளும் அதன் முக்கிய வேர்களாம். எனினும், நானூறு ஆண்டுப் பழைமையான மதிப்புமிக்க சொல்லொன்று அத்தீக்கு விறகாயிற்று என்பதை மறுத்தல் இயலாது.

சொல்லிய சொல்லுக்கு மட்டுமன்றிச் சொல்லாதுவிட்ட சொல்லுக்கும் பொறுப்புண்டு. 1934 மே மாதம் பார்மன் நகரிற் கூடிய திருச்சபையினர், திருச்சபையை அரசுக்கு அடிமைப்படுத்துவதைத் துணிவுடன் எதிர்த்து அறிக்கை வெளியிட்டனர். ஆயின் துன்புறுத்தப்பட்ட யூதரைப் பற்றி அவ்வறிக்கையில் ஒரு சொல்லுமில்லை. 1945 ஒக்டோபரில் வெளிவந்த ஸ்டுட்கார்ட் அறிக்கை, தாம் போதிய துணிவுடன் சான்று பகரவில்லை என ஒப்புக்கொண்டது. அதுவும் யூதரைப் பெயர்குறித்துக் கூறவில்லை. தமது செயலின்மையாலும் மௌனத்தாலும் யூதருக்கு இழைக்கப்பட்ட கொடுமையில் தாமும் பங்காளிகளாயினர் என வைசென்சே நகர மாநாடு அறிக்கையிட்டது 1950இலேயே ஆகும். நீதிமொழிகள் நூலின் இறுதி அதிகாரம், பேசவியலாதாருக்காக வாய்திறக்குமாறு அரசனைப் பணிக்கின்றது. இக்கட்டளையைத் தம் காலத்துத் திருச்சபைக்கு நினைவூட்டிய டீட்ரிஷ் பொன்ஹோபர், 1945 ஏப்ரலில் நாசிகளால் தூக்கிலிடப்பட்டார்.

ஆகவே, நாவடக்கம் எப்போதும் மௌனத்தைக் குறிப்பதன்று. வலியோன் சார்பில் எழும் சினச்சொல்லை அடக்குதலும், எளியோன் சார்பில் எழவேண்டிய சொல்லை அடக்காதிருத்தலும் ஒரே அறத்தின் இரு கூறுகளாம். தன் சொல்லின் விளைவை யார் சுமக்கப் போகின்றனர் என்னும் வினாவே அவ்வறத்தின் உரைகல். கற்பிப்போருக்கென யாக்கோபு விடுத்த எச்சரிக்கை திருச்சபைப் போதகருக்கு மட்டும் உரியதன்று. எழுத்தையும் விரிவுரையையும் தொழிலாகக் கொண்ட அனைவருக்கும் உரியதாகும்.