நீரை இறைத்தார்கள், நிலம் விழுந்தது

தென்னாப்பிரிக்காவில், ஜோஹானஸ்பர்க் நகருக்கு மேற்கே தங்கச் சுரங்கங்கள் மலிந்த பிரதேசத்தில், 1962-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், வெஸ்ட் டிரைஃபோன்டைன் சுரங்கத்தைச் சேர்ந்த, தாதுக்கல்லை உடைக்கும் யந்திரசாலை முழுவதும், திடீரென்று பிளந்த ஒரு பள்ளத்துள் இறங்கி மறைந்தது. அதனோடு 29 தொழிலாளரும் மாண்டார்கள். இதனை இயற்கையின் சீற்றம் என்று சொல்லி ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை.

அங்கே தங்கம் விளையும் பாறைக்கு மேலே, டோலமைட் என்னும் சுண்ணாம்பு இனத்துப் பாறை பெருங்கனமாகப் படிந்திருக்கிறது. மழைநீரானது காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கிரகித்து, மெல்லிய அமிலகுணம் பெற்று, பாறையின் வெடிப்புகளில் இறங்கி, எண்ணற்ற ஆண்டுகளாக அதைச் சிறுகச் சிறுகக் கரைத்துக் குகைகளையும் இடுக்குகளையும் உண்டாக்கியிருந்தது. அவ்வெற்றிடங்களுக்கு மேலே கிடந்த கனத்த மண்ணடுக்கு விழாமல் நின்றதற்கு, அவற்றில் நிறைந்திருந்த நிலத்தடி நீரின் தாங்குதலே பெரிதும் காரணம்.

அந்த நீரோ சுரங்கங்களுக்குள் ஓயாமல் புகுந்துகொண்டிருந்தது. இறைத்து மாளாத சுரங்க நிர்வாகிகள், மேலேயுள்ள நீர்த்தேக்கத்தையே வற்றச் செய்துவிடும் மார்க்கத்தை மேற்கொண்டார்கள். நீர்மட்டம் 100 மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்தது. வயல்களுக்குப் பாய்ந்த ஊற்றுகள் வறண்டன. நீர் விலகவே, அடிமண் சிறிது சிறிதாகக் குகைகளுக்குள் உதிர, மேல்மண்ணின் கீழே கோயில் விமானத்தின் உட்கூடு போன்ற வெற்றிடம் ஒன்று யார் கண்ணிலும் படாமல் உயர்ந்து வளரும். அதன் கூரை மெலிந்து பாரம் தாங்காத கணத்தில் அனைத்தும் ஒருசேர இடிந்து விழும். 1964 ஆகஸ்டில், அருகேயிருந்த மற்றொரு சுரங்கக் குடியிருப்பில், ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் வீட்டோடு புதையுண்டது. 1962 டிசம்பருக்கும் 1966 பிப்ரவரிக்கும் இடையில், 50 மீட்டருக்கு மேல் அகலமும் 30 மீட்டருக்கு மேல் ஆழமும் உள்ள பள்ளங்கள் எட்டு தோன்றின.

சுவரில் புது வெடிப்பு, நிலையில் இறுகிக்கொள்ளும் கதவு, தரையில் சிறு தாழ்வு என்று சில சமயம் பூமி முன்னறிவிப்புத் தருவதுண்டு. பல சமயம் அதுவும் இல்லை. ஆகவேதான், புவியீர்ப்பில் காணும் நுட்பமான வேற்றுமைகளை அளந்து நிலத்தடி அமைப்பை ஊகிக்கும் சோதனைகளை விஞ்ஞானிகள் அங்கே மேற்கொண்டார்கள். நீரைத் தங்கத்துக்குத் தடையாக மட்டுமே கண்டவர்கள், அந்நீரின்மேல் குடியிருந்தோரின் உயிரையும் கணக்கில் வைத்து இச்சோதனைகளை முன்னதாகவே செய்திருக்க வேண்டும் என்பதே என் துணிபு.

நீரை இறைப்பது மட்டுமன்று, கசியவிடுவதும் அபாயமே. பிரிட்டோரியா நகரின் தெற்கே, அதே டோலமைட் நிலத்தில், பள்ளங்களுள் பெரும்பாலானவை ஒழுகும் குடிநீர்க் குழாய்களாலும் சாக்கடைக் குழாய்களாலும் நேர்ந்தவை; ஆதலால் அங்கே கட்டடம் எழுப்புமுன் துளையிட்டு நிலத்தைப் பரீக்ஷிக்கிறார்கள், எழுப்பியபின்னும் குழாய்களில் கசிவு உண்டாவென்று விடாமல் கண்காணிக்கிறார்கள்.