முற்றத்து வெயிலில் எடுத்த படங்கள்

முற்றம் என்னும் சொல் நம்மவர்க்குச் சொந்த ஊரை நினைவூட்டுவது. நெல் காய்ந்ததும், வடாம் உலர்ந்ததும், ஓட்டிலிருந்து மழைநீர் சொரிந்ததும் அங்கேதான். பிழைப்பை நாடி அந்நாளைய பம்பாய்க்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கும் ஒரு முற்றம் வாய்த்தது. அது ஒரு வீட்டிற்கு உரியதன்று. பல குடும்பங்களுக்கும் பொதுவானது. அம்முற்றங்கள் இன்று ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. அவற்றின் தோற்றத்தைக் காட்டவல்ல பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களோ நம் பரண்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும் உறங்குகின்றன.

'சால்' என வழங்கும் தொடர்வீடுகளின் அமைப்பை அன்பர்கள் அறிவர். ஆளுக்கோர் அறை, நீண்ட தாழ்வாரம், பொதுக் குழாய், நடுவிலோ கட்டடங்களின் இடையிலோ ஒரு திறந்த வெளி. 1920ஆம் ஆண்டு அமைந்த பம்பாய் வளர்ச்சித் துறை, வொர்லி, நாய்காம், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் இத்தகைய 207 கட்டடங்களை எழுப்பிற்று. ஓர் அறையின் பரப்பு 160 சதுர அடி. அவ்வறையில் உலை வைக்கலாம்; உறங்கலாம். வாழ்க்கையின் எஞ்சிய பகுதியெல்லாம் வெளியில்தான் நடந்தது. கிர்காமில் உள்ள கேசவ்ஜி நாயக் சாலில் 1893இல் தொடங்கிய பொது விநாயகர் விழாவும் இத்தகைய கூட்டு வாழ்வில் பிறந்ததேயாகும்.

அக்காலத்துக் குடும்பப் படங்களில் முற்றம் இவ்வளவு மிகுதியாக இடம்பெற்றது ஏன்? காரணம் அழகுணர்ச்சி அன்று, வெளிச்சமே. நடுத்தர வீடுகளில் பரவியிருந்த 'அக்ஃபா கிளிக்' போன்ற எளிய காமிராக்களில், ஒளியின் அளவுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதி மிகக் குறைவு. அறைக்குள் வைத்து எடுத்தால் படம் இருண்டுவிடும். ஆகவே குழந்தைக்குப் புதுச்சட்டை அணிவித்தாலும், ஊரிலிருந்து மாமனார் வந்தாலும், அனைவரும் படியிறங்கி வெயிலில் வந்து நின்றனர். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். முகத்தை எடுக்க எண்ணியவரின் படத்தில் குழாயடியும், கொடியில் காயும் வேட்டியும், எதிர்வீட்டுத் தாழ்வாரமும் தாமாகவே வந்து அமைந்தன. எவரும் எடுக்க நினையாத அப்பின்னணியே இன்று நமக்குப் பெருஞ்செல்வமாகிறது.

ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றும் எனக்கு இவ்வுண்மை என் குடும்பத்தின் வாயிலாகவே விளங்கிற்று. என் பாட்டனார் மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். புதுக் கட்டடம் எழும்பவிருந்ததால் எங்கள் பழைய அறையைக் காலி செய்தபோது, ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் நாற்பதுக்கு மேற்பட்ட நெகட்டிவ்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் என் தந்தையார் ஐந்து வயதுச் சிறுவர். அவரையும் வேறு மூன்று குழந்தைகளையும் அணைத்தவாறு, ஒன்பது கசப் புடவை உடுத்திய மராத்தியக் கிழவியார் ஒருவர் முற்றத்து வாயிலில் நிற்கிறார்.

அவர் யாரென்று தந்தையாருக்கு நினைவில்லை. எண்பத்தைந்து வயதான பாட்டியோ கண்டவுடன், "இவர் நம் குழாயடி ஆஜி அல்லவா!" என்றார். 1966ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்நகரில் தென்னிந்தியர்மீது எதிர்ப்பு எழுந்ததை மூத்த வாசகர்கள் அறிவர். தெருவில் கூச்சல் கேட்ட நாட்களில் அவ்வம்மையார் வாயிலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இவை என் பேரக் குழந்தைகள்" என்று சொல்லி எவரையும் உள்ளே விடவில்லையாம். இச்செய்தியைப் பாட்டி அதுவரை எங்களிடம் சொன்னதில்லை. படம் இல்லையேல் அது அவரோடு போயிருக்கும்.

முற்றங்கள் மறைவதற்குக் காரணங்கள் உண்டு. 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய வாடகையை அப்படியே நிறுத்திவைத்தது. குடியிருந்தோர் பிழைத்தனர், ஆயினும் உரிமையாளர் பழுது பார்ப்பதைக் கைவிட்டனர். வளர்ச்சித் துறைச் சால்களைப் புதுப்பிக்கும் திட்டம் 2017இல் தொடங்கப்பெற்று, 2025 ஆகஸ்டில் வொர்லியில் 556 குடும்பங்கள் 500 சதுர அடிப் புதுவீடுகளைப் பெற்றன. பொதுக் கழிப்பிடத்தில் காத்துநின்ற பெண்மணிகள் இதனை வரவேற்பது நியாயமே. பழைய துன்பம் மீண்டும் வேண்டுமென்று எவரும் கோரவில்லை. வீடு மாறும் அமளியில் தகரப்பெட்டி பழம்பொருள் வியாபாரியிடம் போய்விடக் கூடாது என்பதே நம் கவலை.

அவ்வாறு பெட்டி கிடைத்தால் செய்யத்தக்கவை சில. அச்சிட்ட படம் மங்கியிருந்தாலும் நெகட்டிவ் தெளிவாக இருக்கக்கூடும்; ஆதலின் அதை எறியற்க. ஓரத்தை மட்டும் பற்றி எடுக்கவேண்டும். விரல் ரேகை பதிந்தால் எளிதில் நீங்காது. புளித்த காடியின் நெடி வீசுமாயின், படத்தின் அடித்தளமாகிய அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்நெடி மற்றவற்றையும் கெடுக்குமாதலால் அதனைத் தனியே வைத்து, முதலில் அதையே பிரதி எடுக்கவேண்டும். பிளாஸ்டிக் உறை வேண்டா. காகித உறையும் ஈரமற்ற இடமும் போதும். கடையில் ஸ்கேன் செய்ய இயலாதோர், வெண்மையாக ஒளிரும் திரையின்மேல் சற்று உயர்த்திப் பிடித்துக் கைப்பேசியால் படமெடுத்து, கறுப்பு வெள்ளையை மாற்றிக்கொள்ளலாம். பளபளப்புக் குறைந்த பக்கம் திரையை நோக்கியிருத்தல் வேண்டும். பின்னணியில் உள்ள கடைப் பலகையின் தேவநாகரி எழுத்து நேராகத் தெரிந்தால் படமும் நேரானதே.

எல்லாவற்றினும் இன்றியமையாதது, உறையின்மேல் பென்சிலால் பெயரும் இடமும் ஆண்டும் எழுதுவதாகும். பெயர் எழுதாத படம், முகவரிச் சீட்டை இழந்த பார்சலைப் போன்றது; பொருள் இருக்கும், உரியவர் கிடைக்கமாட்டார். அப்பெயர்களைச் சொல்லக்கூடிய பாட்டிமார் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அவர்களருகே பெட்டியோடு அமருங்கள். அண்டை வீட்டாரின் படம் கிட்டினால் ஒரு பிரதியை அவர்தம் மக்களுக்கும் அனுப்புங்கள். அவர்கள் பெட்டியில் நம்மவர் படம் இருத்தலும் கூடும்.