புகார் சொல்லாத பல்!

குட்டீஸ், நம் உடம்பு ஒரு பெரிய வாயாடி! பசித்தால் வயிறு கடமுடா என்று கத்தும். தாகம் எடுத்தால் நாக்கு வறண்டு ஒட்டிக் கொள்ளும். தூக்கம் வந்தால், எதிரில் கணக்கு சார் நிற்கிறாரே என்று கூடப் பார்க்காமல் கொட்டாவி வந்து மானத்தை வாங்கும். விளையாடும்போது முழங்காலில் சிராய்த்துக் கொண்டால், 'ஆட்டம் அப்புறம், முதலில் என்னைக் கவனி' என்று அலற வைக்கும்.

அதோடு நிற்குமா? ரிப்பேர் வேலையில் பாதியை அதுவே பார்த்துக் கொள்ளும். சிராய்த்த இடம் பொருக்குத் தட்டி, சில நாளில் புதுத்தோல் வந்துவிடும். முறிந்த எலும்பு கூட, மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்திருந்தால் ஒட்டிக் கொள்ளும். முடியும் நகமும் வளர்வதைச் சொல்லவே வேண்டாம்.

ஆனால், இந்த இரண்டு வேலையையுமே செய்யாத ஒரு சாது நம் வாய்க்குள் உட்கார்ந்திருக்கிறது. கெட்டுப் போக ஆரம்பித்தாலும் புகார் சொல்லாது. உடைந்து போனால் மறுபடி வளரவும் வளராது. அதுதான் பல்!

பல்லின் மேலே வெள்ளையாக ஒரு போர்வை இருக்கிறதே, அதற்கு எனாமல் என்று பெயர். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான்; எலும்பு கூட அதற்கு அடுத்தபடிதான். எடையில் நூற்றுக்குச் சுமார் 96 பங்கு தாது உப்புகள். இவ்வளவு உறுதியான சுவரைக் கட்டிய செல்கள் என்ன ஆயின தெரியுமா? பல் ஈறைத் துளைத்துக் கொண்டு வெளியே வரும்போதே, வேலை முடிந்ததென்று அவை மறைந்து போய்விடுகின்றன. கொத்தனார் ஊரை விட்டே போன பிறகு சுவர் இடிந்தால் யார் கட்டுவது?

இன்னொரு சங்கதி. எனாமலுக்குள் நரம்பே கிடையாது. அதனால், அங்கே அரிப்பு தொடங்கும்போது துளி வலி இருக்காது. எனாமலைத் தாண்டி அடுத்த அடுக்கில் குடைந்த பிறகுதான் ஐஸ்கிரீம் பட்டால் சுரீர் என்று கூசும். அதற்கும் உள்ளே, நரம்பும் ரத்தக் குழாயும் குடியிருக்கும் நடு அறையைத் தொட்டுவிட்டால், ராத்திரி முழுக்கத் தூங்க விடாத வலி வரும். 'நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது' என்று நாம் கன்னத்தைப் பிடித்துக் கொண்டு அழுவோம். நன்றாக எங்கே இருந்தது? சொல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்!

சொல்லாமல் வந்த விருந்தாளி

முன்பல் ஆடினால் வீட்டில் ஒரே அமர்க்களம். விழுந்த பல்லைக் கூரை மேல் வீசுகிறவர்கள் உண்டு, மண்ணில் புதைக்கிறவர்கள் உண்டு. பொக்கை வாயோடு போட்டோ எடுத்துக் கொள்கிறவர்களும் உண்டு. ஆனால், அதே சமயம் வாயின் பின்பக்கத்தில் ஒரு முக்கியமான விருந்தாளி வந்து உட்கார்ந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

பால் பற்கள் மொத்தம் 20. அவை விழுந்த இடத்தில் புதுப்பல் முளைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால், சுமார் ஆறு வயதில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு, ஆக நான்கு. எதுவும் விழவில்லையே என்று பெரியவர்கள் பலர் இதையும் பால் பல் என்றே நினைத்து விடுகிறார்கள். சொத்தை விழுந்தால், 'போகட்டும், விழுந்து முளைக்கிற பல்தானே' என்று விட்டு விடுகிறார்கள். ஐயோ பாவம், அது விழுந்து முளைக்காது! உங்கள் அறுபது, எழுபது வயதில் முறுக்குக் கடிக்க வேண்டுமென்றால் அந்தப் பல்தான் கடிக்க வேண்டும்.

இதை இப்போதே பார்த்துவிடலாம். கண்ணாடி முன் போய் வாயை 'ஆ'வென்று திறந்து, நடுவில் இருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். ஆறாவதாக நிற்பதுதான் நம் விருந்தாளி. அதன் தலையில் ஆற்றுப்படுகை போலக் குழிகளும் பள்ளங்களும் தெரிகின்றனவா? உணவுத் துணுக்கு போய் ஒளிந்து கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

ரொட்டியும் எச்சிலும்

'பல்லில் பூச்சி அரித்து விட்டது' என்று பாட்டிகள் சொல்வார்கள். உலகத்தின் பல பகுதிகளிலும் பல்லைக் குடைவது ஒரு புழு என்றுதான் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நம்பினார்கள்.

நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் லேவன்ஹூக் என்று ஒரு துணி வியாபாரி இருந்தார். தானே கண்ணாடி வில்லை தேய்த்து நுண்ணோக்கி செய்து, கண்ணில் பட்டதையெல்லாம் அதன் அடியில் வைத்துப் பார்ப்பது அவர் பொழுதுபோக்கு. மனிதர் தினமும் உப்பு வைத்துப் பல் தேய்ப்பவர். அப்படியும் பல் இடுக்கில் பிசைந்த மாவு போல ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதை எடுத்து மழை நீரில் கலந்து பார்த்தால், குட்டிக் குட்டி உயிர்கள் நீந்தி விளையாடுகின்றன! 1683ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதைக் கடிதமாக எழுதினார். தன் நாட்டு ஜனத்தொகையை விடத் தன் வாயில் இருக்கும் உயிர்கள் அதிகம் என்று அதில் வேடிக்கையாகக் குறிப்பிட்டிருந்தார். ஆயுளில் பல்லே தேய்க்காத ஒரு கிழவரின் வாயிலிருந்து எடுத்ததையும் பார்த்தார். அங்கே திருவிழாக் கூட்டம்!

அந்த உயிர்கள்தான் பல்லைக் கெடுக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. அதைக் காட்ட இருநூறு ஆண்டுகள் ஆயின. வில்லோபி மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஆராய்ச்சி செய்தார். பிடுங்கிய பற்களை எச்சிலும் ரொட்டியும் கலந்த கலவையில் போட்டு, உடம்புச் சூட்டிலேயே வைத்திருந்தார். பல் மெல்லக் கரைந்து மிருதுவாகிவிட்டது. எச்சிலை நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டுச் செய்தால் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரொட்டிக்குப் பதில் இறைச்சி போட்டாலும் ஆகவில்லை. எச்சிலில் இருக்கும் பாக்டீரியாக்கள் மாவையும் சர்க்கரையையும் தின்று அமிலமாக மாற்றுகின்றன, அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது என்று 1890ல் புத்தகமாகவே எழுதினார். 1924ல் கிளார்க் என்ற இங்கிலாந்து ஆராய்ச்சியாளர், சொத்தைப் பல்லில் இருந்த முக்கியக் குற்றவாளி ஒன்றைப் பிரித்தெடுத்து 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' என்று பெயர் வைத்தார்.

கவனித்தீர்களா? மில்லர் போட்டது சாக்லேட் அல்ல, வெறும் ரொட்டி! அதனால், 'நான் சாக்லேட்டே சாப்பிட மாட்டேன்' என்று பெருமை அடித்துக் கொண்டு பாக்கெட் பாக்கெட்டாக பிஸ்கட்டும் சிப்ஸும் தின்கிறவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். பல்லில் அப்பிக் கொள்ளும் பிஸ்கட் மாவும் பாக்டீரியாவுக்கு விருந்துதான்.

எவ்வளவு இனிப்பு என்பதை விட எத்தனை தடவை என்பதுதான் விஷயம். ஒவ்வொரு முறை தின்னும்போதும் அமிலம் சுரந்து, அது அடங்க அரை மணி நேரம் போலப் பிடிக்கும். சில சமயம் இன்னும் கூடுதலாகவும் ஆகும். சாப்பாட்டோடு ஒரு லட்டை முழுசாக முழுங்கிவிட்டால் ஒரே தாக்குதலோடு போகும். பத்து கமர்கட்டை மணிக்கு ஒன்றாகப் பகல் முழுக்கச் சப்பினால் பத்துத் தாக்குதல்! பல் பாவம், மூச்சு விடக்கூட நேரம் இருக்காது.

ராத்திரி காவல்காரன் தூங்குகிறான்

நல்லவேளையாகப் பல்லுக்கு ஒரு காவல்காரன் உண்டு. நாம் 'சீ' என்று முகம் சுளிக்கும் எச்சில்தான் அது! அமிலத்தைக் கழுவுவது, அதன் வீரியத்தை முறிப்பது, பல் இழந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பப் பூசுவது எல்லாம் எச்சிலின் வேலை. ஓட்டை விழுவதற்கு முன், சுண்ணாம்புப் பொட்டு போல ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் தெரியும் கட்டத்தில், இந்தப் பூச்சினாலேயே பல் தேறிவிட முடியும். ஓட்டை விழுந்துவிட்டால்தான் எச்சிலும் கைவிரித்து விடும்.

ஆனால், இந்தக் காவல்காரன் நாம் தூங்கினால் அவனும் தூங்கி விடுவான். உறக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்து போகும். ராத்திரி பால் குடித்துவிட்டு, இரண்டு பிஸ்கட்டும் தின்று அப்படியே படுத்தால், விடிய விடிய பாக்டீரியாவுக்குத் தடையில்லாத கச்சேரி. காலையில் எழுந்து பளபளவென்று தேய்ப்பது நல்லதுதான். ஆனால், அது திருடன் போன பிறகு கதவைப் பூட்டுகிற மாதிரி. இரண்டு வேளையும் தேய்க்க வேண்டும். எந்த வேளையைத் தவறவே விடக்கூடாது என்று கேட்டால், ராத்திரியைத்தான் சொல்வேன்.

தேய்ப்பது என்றால் செருப்பில் ஒட்டிய சேற்றைத் தேய்ப்பது போல அல்ல. மெல்லிய இழை உள்ள பிரஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற வேண்டும். பட்டாணி அளவு பேஸ்ட் போதும். விளம்பரத்தில் பாம்பு போல நீளமாகப் பிதுக்குவது பேஸ்ட் சீக்கிரம் தீருவதற்காகத்தான் இருக்கும்! முழுசாக இரண்டு நிமிடம் ஆக வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டு தேய்த்தால்தான் இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று புரியும். கடைசியில் அந்த ஆறாம் நம்பர் பல்லின் தலையையும் முதுகையும் மறக்காதீர்கள். பிரஷ் போகச் சிரமப்படும் இடம் அதுதான். இழைகள் விரிந்துவிட்டால், அல்லது மூன்று மாதம் ஆகிவிட்டால், பிரஷை மாற்றுங்கள். 1938 வரை பிரஷ் இழைகளைப் பெரும்பாலும் பன்றி முடியில்தான் செய்தார்கள். அந்த ஆண்டில்தான் நைலான் இழை விற்பனைக்கு வந்தது. நீங்கள் எவ்வளவு கொடுத்து வைத்தவர்கள் பாருங்கள்!

பேஸ்ட்டில் ஃப்ளூரைடு இருக்கிறதா என்றும் அட்டையில் பாருங்கள். எனாமலை அமிலத்துக்கு எதிராக உறுதியாக்குவது அது. அதே ஃப்ளூரைடு குடிநீரில் அளவுக்கு மீறி இருந்தாலோ, வளரும் பல்லில் பழுப்புக் கறை விழுந்துவிடும். லிட்டருக்கு 1.5 மில்லி கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். அதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டு வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் தொடங்கியது. அங்கிருந்து வந்த ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் சேர்ந்து, அவன் பல்லில் கறை இருந்தால், 'பல் தேய்க்க மாட்டியா?' என்று கேலி செய்து விடாதீர்கள். உங்களை விட அவன் நன்றாகவே தேய்ப்பவனாக இருக்கலாம். அது தண்ணீர் போட்ட கறை.

பல்லில் கறுப்புப் புள்ளியோ, வெள்ளைத் திட்டோ தெரிந்தால் வலிக்கும் வரை காத்திருக்காமல் அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லுங்கள். புகார் சொல்லத் தெரியாத பல்லுக்கு வக்கீல் நீங்கள்தானே! பல அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. சின்ன ஓட்டையாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் வேலை சுலபத்தில் முடிந்துவிடும்.

சுமார் 12 வயதில், ஆறாம் நம்பருக்குப் பின்னால், இன்னொரு கடைவாய்ப்பல் அதே போலச் சத்தமில்லாமல் வரும். அப்போது மொத்தம் 28. மீதி நான்கும் பதினேழு வயதுக்கு மேல் நிதானமாக வரும். சிலருக்கு வராமலே கூடப் போகும். அதற்கு 'ஞானப்பல்' என்று பெயர். பல்லோடு ஞானமும் வந்துவிடுமா என்று அண்ணன், அக்காக்களிடம் கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த சிலருக்குப் பல் மட்டும்தான் வந்தது!