கரிசலைக் கெடுப்பது வறட்சி மட்டுமல்ல

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும். மானாவாரியில் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைவது அதனால்தான். அந்தக் குணத்தை நாமே கெடுத்துவருகிறோம். தொழுவுரம் குறைந்து, வரப்புகளும் கவனிப்பின்றிக் கரைந்துபோக, மழை அரித்துச் செல்லும் மேல்மண் கண்மாயில் படிகிறது. மழை பொய்ப்பதே காரணம் என்பார்கள். ஆனால் மட்கு இழந்த மண்ணில், பெய்த மழையும் தங்காது.

இதே மாவட்டத்தின் சிவகாசி வட்டாரத்தில் மண்ணுக்கு இன்னொரு கேடும் உண்டு: பட்டாசுக் கழிவை வெட்டவெளியில் எரித்தால் உலோக உப்புகள் மண்ணில் சேரும். அவற்றுள் பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது. கட்டுப்பாடுகளால் பிழைப்புப் போய்விடும் என்ற தொழிலாளரின் அச்சம் நியாயமானது. ஆனால் கழிவை முறையாக அகற்றுவதற்குத் தொழிலை மூட வேண்டியதில்லை. அதுபோலவே, கண்மாய் வண்டலை வயலுக்கே திருப்பி, வரப்பை உயர்த்தி, தொழுவுரம் இடுவதும் நம்மால் முடிகிற காரியம்தான்.