கூலி பெறாத காவலர்களின் குரல்

ஆலங்குளம் என்னும் பெயரிலேயே குளம் இருக்கிறது. குளத்தின் அருமையை நம் வட்டாரத்து மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முற்காலத்தில் ஊரார் ஒன்றுகூடிக் கரையை உயர்த்தியும் வரத்துக்காலைத் தூர்வாரியும் குளங்களைப் பேணினர். இதனைக் குடிமராமத்து என்பர். அவ்வாறு உழைத்தவரைக் கேளாமல் ஒருவர் மடையை அடைத்தால் ஊர் பொறுத்திருக்குமா? இதே வினா இன்று இணைய உலகிலும் எழுந்துள்ளது. அதனை ஈண்டுக் காண்போம்.

மட்டுறுத்துநர் யாவர்?

மக்கள் கூடிக் கேள்வி கேட்கவும் விடை பகரவும் கருத்துரைக்கவும் இடமளிக்கும் இணையத்தளங்கள் பல உள்ளன. அவற்றுள் சிலவற்றில் வசைமொழியை நீக்குவோரும் வம்பு செய்வோரை விலக்குவோரும் ஊதியம் பெறாத தன்னார்வலரே. இவர்களை மட்டுறுத்துநர் என்கிறோம். கணினிகளும் தளமும் நிறுவனத்தின் உடைமை. தளத்தைத் தூய்மையாக வைத்திருப்பதோ இவர்களின் உழைப்பு. இவர்களைக் கலந்துகொள்ளாமல் நிறுவனம் முடிவெடுக்கும்போது பிணக்குத் தோன்றுகிறது. ஊதியமே பெறாதவர் ஊதிய உயர்வு கேட்டுப் போராட இயலாது. உழைப்பை நிறுத்துவதொன்றே அவர்கள் கையிலுள்ள கருவி.

இரு போராட்டங்கள்

வெளியார் உருவாக்கிய செயலிகள் தன் தளத்தின் தகவல்களைப் பெறுவதற்குக் கட்டணம் விதிக்கப்போவதாக அமெரிக்காவின் ரெடிட் நிறுவனம் 2023 ஏப்ரலில் அறிவித்தது. மட்டுறுத்துநர் பலர் அச்செயலிகளைக் கொண்டே பணியாற்றி வந்தனர். பார்வையற்றோர் பலருக்கும் அவையே துணை. எதிர்ப்புக் கிளம்பியபின், பார்வையற்றோர்க்கு உதவும் வணிக நோக்கமற்ற செயலிகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. ஜூன் 12 அன்று தொடங்கிய போராட்டத்தில் 8,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் கதவடைத்தன. எனினும் நிறுவனம் கட்டணத்தைக் கைவிடவில்லை. திறக்க மறுப்போரை மாற்றிவிடுவோம் என்றும் எச்சரித்தது. அப்போலோ என்னும் புகழ்பெற்ற செயலி ஜூன் 30 அன்று நின்றுபோயிற்று.

அதே ஜூன் 5-ஆம் நாள், கணினி நிரலாளர்க்குரிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்திலும் அதன் துணைத் தளங்களிலும் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. செயற்கை நுண்ணறிவு எழுதும் விடைகள் பிழையாயினும் சரியானவைபோல் தோன்றுவன. அத்தகைய விடைகள் என ஐயுறுபவற்றை நீக்கும் அதிகாரத்தை நிறுவனம் பெரிதும் சுருக்கியதே காரணம். இங்கு இருதரப்பினரும் அமர்ந்து பேசினர். ஆகஸ்டில் உடன்பாடு ஏற்பட்டது.

தமிழில் நிகழ்ந்தது

இத்தகைய பூசல் தமிழுக்கும் புதிதன்று. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கித் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்த கலைக்களஞ்சியம். 2009 முதல் கூகுள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி அதில் சேர்த்தது. கூகுள் அத்தளத்தின் நிர்வாகமன்று. ஆயினும் பிணக்கு ஒன்றே. கட்டுரைகளின் எண்ணிக்கை பெருகிற்று. நடையோ இயல்பு குன்றியது. தலைப்புகளிற் பல தமிழ் வாசகரின் தேவையை நோக்கி அமைந்தவையல்ல. அவற்றைத் திருத்தும் சுமை தன்னார்வலர் சிலர் தலையில் விழுந்தது. அவர்கள் நிபந்தனைகளை முன்வைத்து வாதாடினர். 2010-இல் போலந்து நாட்டின் கிடான்ஸ்க் நகரில் நடைபெற்ற விக்கிமேனியா மாநாட்டிலும் இக்குறைகளை எடுத்துரைத்தனர். 2011-இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது.

இரு பக்க நியாயம்

நிறுவனத்துக்கும் செலவு உண்டு. அதனை ஈடுசெய்ய வருவாய் தேடுவதைக் குற்றமென்று கூற இயலாது. மட்டுறுத்துநர் எல்லாரும் வாசகரால் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அல்லர். அவர்கள் கதவடைத்தால் முதலில் துன்புறுவோர் ஒன்றுமறியா வாசகரே. இவற்றை நாம் மறத்தலாகாது. ஆயினும் மேற்கூறிய நிகழ்ச்சிகள் ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. கூலிக்கு உழைப்பவரைக் கூலி கட்டிப்போடும். அன்பினால் உழைப்பவரை மதிப்பு ஒன்றே கட்டிப்போடும். அவர்களைக் கேளாமல் எடுக்கும் முடிவு வெற்றி பெறினும், அதன்பின் மனமுவந்து மண்வெட்டி எடுப்பார் யார்?

மாணவச் செல்வங்களே! இணையத்தில் நாம் படிக்கும் நல்ல தமிழ்ப் பக்கம் ஒவ்வொன்றின் பின்னும் பெயர் அறியாத ஒருவரின் இரவுகள் உள்ளன. அவ்வுழைப்பில் நாமும் பங்குகொள்வோம். நாளை நாம் நிர்வாகப் பொறுப்பில் அமரும்போது, கரையில் உழைத்தவரைக் கேட்ட பின்னரே மடையில் கை வைப்போம்.